கேம்ஷாஃப்ட் வாங்குவதற்கு முன்

பழைய காரின் எஞ்சினைப் பிரித்ததும், "இருப்பதிலேயே பெரிய கேம்ஷாஃப்டாகப் போடுங்கள்" என்று கோவைப் பட்டறைகளில் கேட்கிறார்கள். எஞ்சினின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டுதான் கேம்ஷாஃப்ட்; பெரியது என்றால் வால்வை அதிக நேரம், அதிக உயரம் திறப்பது. அவசரப்படாதீர்கள். எந்தச் சாலையில் ஓட்டப்போகிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் வேகம் தணிந்து, நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்குப் பக்கத்திலிருந்து வண்டி மறுபடி இழுத்தாக வேண்டும். வால்வை நெடுநேரம் திறந்து வைக்கும் கேம் அங்கே கைவிட்டுவிடும். உள்வால்வு தாமதமாக மூடுவதால், உள்ளே வந்த காற்றில் ஒரு பகுதியை மேலேறும் பிஸ்டன் வெளியே தள்ளிவிடுகிறது. அதே கேம் 6,000 சுற்றில் அருமையாக இழுக்கும். செட்டிபாளையம் பந்தயத் தடத்துக்கு அது பொருத்தம். அவிநாசி சாலை நெரிசலிலோ ஐட்லிங் தடுமாறும், பிரேக்குக்குக் கைகொடுக்கும் எஞ்சின் வெற்றிடம் குறைந்து பெடல் கல்லாக இறுகும்.

வால்வு எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்பதற்கு விளம்பரத்தில் உள்ள டிகிரியை நம்பி ஒப்பிடாதீர்கள். ஆளுக்கொரு உயரத்திலிருந்து அளக்கிறார்கள். 0.050 அங்குல லிஃப்டில் (கேம் தூக்கும் உயரம்) அளந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். இரண்டுக்கு நடுவே மனம் ஊசலாடினால் சிறியதையே எடுங்கள். லிஃப்ட் கூடினால் வால்வு ஸ்பிரிங்கையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும்.

பூட்டுவதற்கு முன், வால்வு பிஸ்டனில் இடிக்காது என்று உறுதிசெய்ய ஒரு சோதனை, இதை மட்டும் விடவே விடாதீர்கள். பிஸ்டன் தலையில் மென்களிமண்ணை ஒட்டி, ஹெட்டைப் பூட்டி, டைமிங்கைப் பொருத்தி, கிராங்கைக் கையால் மெதுவாக இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். பிறகு பிரித்து, நசுங்கிய களிமண்ணைக் கத்தியால் வெட்டி, மிக மெல்லிய இடத்தை அளந்து பாருங்கள். உள்வால்வுப் பக்கம் 2 மில்லிமீட்டர், வெளிவால்வுப் பக்கம் 2.5 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும்.