டேண்டம் சைக்கிளுக்கு டிஸ்க் ரோட்டர்: எடைய பாக்காதீங்க, சூட்ட பாருங்க

டேண்டம்னா ரெண்டு பேரு ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் ஒக்காந்து மிதிக்கிற சைக்கிளு, டிஸ்க் ரோட்டர்னா சக்கரத்தோட சேந்து சுத்துற பிரேக் தகடு. ரெண்டு பேரு, சைக்கிளு, பைனு எல்லாம் சேத்து 180 கிலோ வருதுன்னு வைங்க. பிரான்ஸ்ல ஆல்ப் டுவெஸ் ரோடு 13.8 கிமீ, சரிவு சராசரியா 8% கிட்ட, அதுல 30 கிமீ வேகத்த தாண்டாம பிரேக்க புடிச்சிட்டே எறங்குனா காத்து தடுக்குறது போக மிச்சம் கிட்டத்தட்ட 1000 வாட் சூடு ரோட்டர்லதான் போய் சேருது, அதாவது ஒரு இஸ்திரிப்பெட்டிய முழு சூட்டுல அரை மணி நேரம் அந்த ரெண்டு தகட்டு மேல வெச்ச கணக்கு.

அதனால மொதல்ல சைஸ். விட்டம் 203 மிமீ, முன்னாடியும் பின்னாடியும். தனி சைக்கிள்ல பின்னாடி சின்னதா போட்டா ஓடிரும், ஏன்னா பிரேக் போட்டா வெயிட்டு முன்னாடி சாஞ்சுரும், டேண்டம் நீளமா இருக்கறதால பின்சக்கரம் தரைய விடாது, பாதி வேலைய அது செய்யும், அங்க போய் 160 போட்டு காசு மிச்சம் புடிக்காதீங்க. ஆனா ஃபிரேமும் ஃபோர்க்கும் எவ்ளோ பெரிய ரோட்டர் தாங்கும்னு தயாரிப்பாளர் சொன்னத பாத்துட்டு வாங்குங்க, பெரிய ரோட்டருக்கு பிரேக்க தள்ளி மாட்டுற அடாப்டர் கெடைக்குதுன்னு மட்டும் மாட்டிராதீங்க.

அடுத்து மெட்டீரியல், நெறைய பேரு ஏமாறுறது இங்கதான். ஷிமானோ கம்பெனியோட ஐஸ் டெக் ரோட்டர்ல ரெண்டு ஸ்டீல் தகட்டுக்கு நடுவுல அலுமினியம் இருக்கும், தனி ஆளுக்கு அருமையான சாமான், சூட்ட சீக்கிரம் கடத்திரும். ஆனா அலுமினியம் 660 டிகிரில உருகிரும், அதுக்கு முன்னாடியே கொழகொழன்னு ஆயிரும், டேண்டம்ல அந்த ரிஸ்க்க நான் எடுக்க மாட்டேன். பிரேக் புடிக்கும்போது ரோட்டர அழுத்துற பேடு உரசுற எடம் முழு ஸ்டீலா இருக்கணும். நடுவுல சக்கரத்தோட சேக்குற ஸ்பைடர்ங்கற துண்டு அலுமினியமா இருந்தா பரவால்ல, ரெண்டு துண்டா வர்ற ஃப்ளோட்டிங் ரோட்டர்ல சூட்டுல வளையம் விரிய எடம் இருக்கறதால கோணாது, அது நல்லதுதான்.

தடிமன். சாதா ரோட்டர் 1.8 மிமீ, எஸ்ராம் கம்பெனியோட எச்எஸ்2 ரோட்டர் 2 மிமீ, டிஆர்பி கம்பெனில 2.3 கூட இருக்கு. 200 கிராம் ரோட்டர் ரெண்டு, காத்து கொஞ்சமும் ஆத்தலன்னா வெறும் 10 மீட்டர் எறங்குறதுக்குள்ள ஒவ்வொண்ணும் 90 டிகிரி ஏறிரும், ஸ்டீல் அதிகமா இருந்தா அந்த ஏத்தம் மெதுவா நடக்கும். தடிமன் கூடுனது உங்க காலிப்பர்ல, அதாவது பேட புடிச்சிருக்கற பிரேக் பெட்டில, உரசாம நுழையுமான்னு மட்டும் கேட்டுக்கோங்க. தேஞ்சு மெலிஞ்ச ரோட்டர்லயும் சூடு சீக்கிரம் ஏறும், ஷிமானோல 1.5 மிமீ வந்துட்டா மாத்திருங்க.

பெட்டி மேல ‘ரெசின் பேடு மட்டும்’னு போட்டிருந்தா அந்த ரோட்டர அப்பிடியே திருப்பி வெச்சிருங்க, இந்த சூட்டுக்கு மெட்டல் பேடு வேணும்.

இவ்ளோ பாத்து வாங்கிட்டு லிவர லேசா புடிச்சிட்டே எறங்குனா பிரயோஜனம் இல்ல. வண்டிய ஓட விட்டு, வளைவுக்கு முன்னாடி அழுத்தி புடிச்சு, அப்பறம் சுத்தமா விடுங்க, பின்னாடி ஒக்காந்திருக்கவங்களுக்கு மொதல்லயே சொல்லிருங்க, இல்லன்னா கத்துவாங்க.

மொத எறக்கத்துல பாதில நிறுத்தி பாருங்க, கைய மட்டும் வெச்சுராதீங்க, தோசக்கல்லுக்கு தெளிக்கிற மாதிரி ஒரே ஒரு சொட்டு தண்ணி, சுர்ருன்னு துள்ளுச்சுன்னா அது ஆறுற வரைக்கும் ஒக்காந்து வாழப்பழம் சாப்புடுங்க.