16 பக்க அச்சுக் கையேடு: பக்க அமைப்பிலிருந்து தையல் வரை

அச்சின் அடிப்படைகளைச் சொல்லும் ஏ5 கையேட்டுக்கு ஏ4 தாள் நான்கும் அட்டை ஒன்றும் போதும். பக்க எண்ணிக்கை 4-இன் மடங்காக இருக்கட்டும்.

இந்தப் புத்தகமே மாதிரிப் பலகையாகவும் இருக்க வேண்டும். ஒரு பக்கத்தில் ஒரே வாக்கியத்தை 7, 8, 9, 10, 12 புள்ளிகளில் போடுங்கள். இன்னொன்றில், கறுப்பு மை மட்டும் கொண்ட எழுத்தையும் நான்கு மைகளும் (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு) சேர்ந்த கறுப்பு எழுத்தையும் அருகருகே வையுங்கள். மைகள் இம்மியளவு விலகினாலும் இரண்டாவதன் ஓரம் மங்கும். படங்கள் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்).

பக்க அமைப்புக்கு ஸ்கிரைபஸ் 1.6 மென்பொருள், இலவசம், தமிழும் உடையாது. பழைய 1.4-இல் கொம்பு இடம் மாறிவிடும். அடோபி இன்டிசைன்காரர்கள், தமிழைச் சரியாகக் கோக்கும் வேர்ல்டு-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். வேர்டிலும் முடியும், ஆனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். 10 புள்ளி எழுத்துக்கு 15 புள்ளி வரி இடைவெளி, இடப்பக்கச் சீரமைப்பு. இருபுறமும் சீராக்கினால், நீளமான தமிழ்ச் சொற்களால் வரிக்கு நடுவே ஓட்டை விழும். இரு பக்கமும் பரவும் படம் 8-9-இல் மட்டும்; ஒரே தாளில் அடுத்தடுத்து அமைவது அந்த இரண்டுதான்.

அச்சிடும் கடைக்குப் போகுமுன் நான்கு வெற்றுத் தாள்களை ஒன்றாக அடுக்கி மடித்துப் பக்க எண் எழுதுங்கள்; இதுதான் மாதிரி. பிரித்தால் வெளித்தாளின் ஒரு முகத்தில் 16-1, மறுமுகத்தில் 2-15. எந்த முகத்தைக் கூட்டினாலும் 17.

பலர் சறுக்குவது அச்சிடும்போதுதான். பிடிஎஃப் 1 முதல் 16 வரை தனித்தனிப் பக்கமாக, வரிசையாக இருக்கட்டும். பிடிஎஃப் மென்பொருளான அக்ரோபேட்டில் 'புக்லெட்' (கையேடு) தேர்ந்தால் அதுவே மாற்றி அடுக்கும். நீங்களும் முன்பே அடுக்கியிருந்தால் இரட்டைக் குழப்பம். அடுத்து, போட்டோஸ்டேட் கடை மெஷினில் இருபக்க அச்சு வழக்கமாக 'லாங் எட்ஜ்' (நீள ஓரத்தில் திருப்பு) என்றே இருக்கும். அப்படியே விட்டால் பின்முகம் தலைகீழாக வரும். 'ஷார்ட் எட்ஜ்' (குட்டை ஓரத்தில் திருப்பு) கேட்டு, ஒரு தாளை மட்டும் முதலில் எடுத்து மாதிரியோடு ஒப்பிடுங்கள். ஏ4-இன் விளிம்பு வரை மெஷின் அச்சிடாது. ஓரத்தில் வெள்ளை விடுங்கள்.

தாள், சதுர மீட்டருக்கு 100 கிராம் எடையுள்ள சிமிலி (பூச்சில்லாத வெள்ளைத் தாள்). ஏ4 தாளில் உள்ள நார் இழைகள் பெரும்பாலும் நீளவாட்டில் ஓடும். பாதியாக மடித்தால் மடிப்பு இழைக்குக் குறுக்கே விழுந்து, புத்தகம் திறந்தால் படியாது. நீளவாட்டு இழையுள்ள ஏ3-ஐ இரண்டாக வெட்டி வாங்கினால் சரியாகும். பிரித்த தாள்கட்டை நெகிழிப் பையில் மூடுங்கள். கோலாலம்பூர், பினாங்கு ஈரக்காற்றில் தாள் நெளிந்து மெஷினில் சிக்கும்.

அட்டைக்கு 250 கிராம். மையில்லாத பால்பாயிண்ட் முனையால் கோடு அழுத்திய பிறகே மடிக்கவும். மடிப்பில் அடர்நிறம் வேண்டாம், டோனர் (மெஷினின் மைத்தூள்) வெடிக்கும்.

தையல்: எல்லாத் தாளையும் அட்டைக்குள் செருகி, உள்ளிருந்து மடிப்பின் மேல் 30, 105, 180 மி.மீ.இல் குத்தூசியால் துளையிடுங்கள். மெழுகு தேய்த்த நூல் 55 செ.மீ. உள்ளிருந்து நடுத்துளை வழியே வெளியே, 10 செ.மீ. வால் விட்டு, மேல்துளையில் உள்ளே, நடுவைத் தாண்டிக் கீழ்த்துளையில் வெளியே, மீண்டும் நடுவில் உள்ளே. அங்கே ஏற்கெனவே உள்ள நூலை ஊசி துளைக்கக் கூடாது. துளைத்தால் இறுக்க வராது. உள்ளே கிடக்கும் நீள நூலின் இருபுறமும் இரண்டு வால்களும் நிற்கட்டும். அதன் மேல் முடிச்சு. இறுக்கும்போது மடிப்பின் போக்கிலேயே இழுங்கள். மேல்நோக்கி இழுத்தால் துளை கிழியும்.

ஸ்டேப்லர் போதாதா என்று கேட்கிறார்கள். நீளக்கை ஸ்டேப்லர் இருந்தால் போதும், ஆனால் இங்குள்ள ஈரத்தில் கம்பி துருப்பிடிக்கும். என் ஓட்டு நூலுக்கே.

கடைசியாக, மடிப்புக்கு எதிரே உள்தாள்கள் துருத்தும் முன்னோரத்தை 3 மி.மீ. வெட்டுங்கள். இரும்பு அடிக்கோல், புது பிளேடு, லேசான பல இழுப்புகள்; ஒரே அழுத்தில் வெட்டினால் அடித்தாள்கள் கோணும்.