நியூயார்க்கில் அடிமை முறை ஒழிந்த கதை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் வடக்கு என்றாலே சுதந்திர மண், தெற்கு என்றாலே அடிமை மண் என்று பிரித்துவிடுவது எளிது. நியூயார்க் மாநிலத்தைப் பற்றி அப்படி எழுதினால் முதல் வரியிலேயே சறுக்கிவிடுவோம். அங்கே டச்சுக்காரர்கள் 1620-களில் தொடங்கிவைத்த அடிமை முறை இருநூறு ஆண்டு நீடித்தது.

பலர் 1799-ஐ விடுதலை ஆண்டாகக் குறிப்பிடுகிறார்கள். அந்த ஆண்டுச் சட்டம் அன்றைக்கு அடிமையாக இருந்த ஒருவரையும் விடுவிக்கவில்லை. அவ்வாண்டு ஜூலை 4-க்குப் பிறகு பிறக்கும் குழந்தைகளுக்கு மட்டும்தான் விடுதலை. அதுவும் உடனே இல்லை. ஆண் 28 வயது வரை, பெண் 25 வயது வரை தாயின் எஜமானுக்கு உழைத்தாக வேண்டும். எஜமானுக்கான நஷ்டஈட்டைக் குழந்தையின் உழைப்பிலிருந்தே கறந்த ஏற்பாடு என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். அதற்கு முன் பிறந்தவர்களுக்கு 1817-ல் இன்னொரு சட்டம் போட்டு, 1827 ஜூலை 4 என்று நாள் குறித்தார்கள். அப்புறமும் வெளிமாநில எஜமானர்கள் தங்கள் அடிமைகளை ஒன்பது மாதம் வரை அங்கே வைத்துக்கொள்ளலாம் என்ற சலுகை 1841 வரை இருந்தது.

அடிமையாகப் பிறந்து, பின்னாளில் அடிமை ஒழிப்புக்கும் பெண்ணுரிமைக்கும் குரல் கொடுத்த சோஜர்னர் ட்ரூத் இந்தச் சட்டங்களுக்குள் வாழ்ந்தவர். அல்ஸ்டர் கவுண்டியில் பிறந்து, டச்சு பேசி வளர்ந்தவர். 1826-ல் கைக்குழந்தையோடு எஜமான் வீட்டை விட்டு வெளியேறினார். சட்டத்தை மீறி அலபாமாவுக்கு விற்கப்பட்ட மகன் பீட்டரை 1828-ல் நீதிமன்றம் மூலம் மீட்டார். பெண்ணுரிமை பற்றிய அவருடைய 1851 உரை என்று இன்று பரவலாகப் பகிரப்படுவது, பன்னிரண்டு ஆண்டு கழித்து பிரான்சஸ் கேஜ் என்ற பெண்ணுரிமைப் போராளி எழுதிய வடிவம். டச்சு பேசி வளர்ந்த ட்ரூத் அதில் தென்மாநிலக் கொச்சையில் பேசுகிறார்! மேற்கோள் காட்டுமுன் 1851-லேயே அச்சான செய்தி அறிக்கையைப் பாருங்கள்.

அடிமை முறையை எதிர்த்தவர்கள் எல்லாரும் சம உரிமையை ஆதரித்தார்கள் என்று எண்ணுவதும் தவறு. மாநிலத்தின் 1821 அரசியல் சட்டம் கறுப்பின ஆண்கள் வாக்களிக்க 250 டாலர் சொத்து வேண்டும் என்றது. வெள்ளையருக்கு அந்த நிபந்தனை இல்லை. 1860-ல் லிங்கனை வெற்றி பெறச் செய்த அதே மாநில வாக்காளர்கள், அதே தேர்தலில் இந்த நிபந்தனையை நீக்க மறுத்தார்கள். 1870-ல், இனத்தைக் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்ற அமெரிக்க அரசியல் சட்டத்தின் பதினைந்தாவது திருத்தம் வந்துதான் அது ஒழிந்தது.

'நியூயார்க்காரர்கள்' என்று மொத்தமாகச் சொல்வதையும் தவிர்க்கலாம். 1851-ல் சிராகியூஸில் ஒரு கூட்டம் காவல் நிலையத்தை உடைத்து, தப்பி வந்த அடிமை என்று பிடிபட்ட ஜெர்ரி என்பவரை மீட்டது. அவர் கனடா போய்ச் சேர்ந்தார். 1861 ஜனவரியிலோ, தெற்கின் அடிமைகள் விளைவித்த பருத்தியின் வணிகத்தில் கொழித்த நியூயார்க் நகரின் மேயர் பெர்னாண்டோ வுட், நகரமே நாட்டைவிட்டுப் பிரிந்துபோகலாம் என்று யோசனை சொன்னார்.