ஜந்து வரும் திகில் படங்கள்: விமர்சிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

“ஜந்துவைச் சரியாகக் காட்டவே இல்லை.” குறைந்த செலவில் எடுத்த திகில் படங்களைப் பற்றிய விமர்சனங்களில் நான் அதிகம் படித்த வரி இதுதான். எனக்கு அதிகம் கோபமூட்டுவதும் இதுதான். காட்டாமல் விட்டது இயலாமையாலா, வேண்டுமென்றேவா என்று யோசிக்காமலேயே இதை எழுதிவிடுகிறார்கள்.

1942இல் ஆர்.கே.ஓ. என்ற ஹாலிவுட் நிறுவனத்துக்காக வால் லூட்டன் தயாரித்து, ஜாக் தூர்னர் இயக்கிய ‘கேட் பீப்பிள்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெண் சிறுத்தையாக மாறிவிடுவாளோ என்பதுதான் அதன் பயம். புதிதாகப் பெரிய செட் போடப் பணம் இல்லை. வேறொரு படத்துக்குக் கட்டிய மாடிப்படியையே பயன்படுத்திக்கொண்டார்கள். இருட்டில் ஒரு பெண் நீச்சல் குளத்தில் தனியாக இருக்கிறாள். தண்ணீரின் ஒளி சுவரெங்கும் நெளிகிறது. ஒரு நிழல், ஓர் உறுமல், அவ்வளவுதான். இன்னொரு காட்சியில், இரவுத் தெருவில் நடந்து செல்பவளுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்த காலடி ஓசை நின்றுபோகிறது. அவள் பயந்து விரைகிறாள். சட்டென்று சீறிக்கொண்டு வந்து நிற்கிறது ஒரு பஸ்! திரைத்துறையினர் இந்த உத்தியை இன்றும் ‘லூட்டன் பஸ்’ என்றே அழைக்கிறார்கள். இந்தப் படத்தில் மிருகம் போதவில்லை என்று எழுதுபவர், படம் பயமுறுத்தும் விதத்தையே கவனிக்கவில்லை.

பெரிய ஸ்டுடியோ படத்தின் அளவுகோலைக் கொண்டுவந்து சின்னப் படத்தை அளப்பது அடுத்த தவறு. 2010இல் கேரத் எட்வர்ட்ஸ் எடுத்த ‘மான்ஸ்டர்ஸ்’ 5 லட்சம் டாலருக்கும் குறைவான செலவில் உருவானது. எழுத்து, இயக்கம், ஒளிப்பதிவு, கிராபிக்ஸ் எல்லாம் அவரே. விரல்விட்டு எண்ணக்கூடிய குழுவோடு மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் பயணம் செய்து, வழியில் சந்தித்த உள்ளூர் மக்களையே நடிக்க வைத்தார். தலைப்பை நம்பிப் போனவர்கள் ஜந்துக்களின் சண்டையைத் தேடி ஏமாந்தார்கள். படமோ பேரழிவுக்குப் பழகிப்போன மக்களைப் பற்றியது. எச்சரிக்கைப் பலகைகளும் வேலிகளும் இடிந்த கட்டடங்களும்தான் அங்கே கதை சொல்கின்றன. அதைக் குறை சொல்ல நியாயமான இடம் வேறு. நடிகர்கள் கதைச் சுருக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு வசனத்தை அந்தந்த இடத்தில் தாங்களே பேசியதால், சில உரையாடல்கள் நகராமல் சுற்றிச் சுற்றி வருகின்றன. இதைச் சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன்.

இதற்கு நேரெதிரான தவறு இரக்கம். “பாவம், இந்தக் காசுக்கு இவ்வளவுதான் முடியும்” என்று மதிப்பெண்ணைக் கூட்டிப் போடுவது. என் பார்வையில் இதுதான் மோசமான தவறு. ஆபத்து தெரிந்தும் ஒரு பாத்திரம் காரணமில்லாமல் நிலவறைக்குள் தனியாக இறங்கினால், அதற்குப் பணப் பற்றாக்குறையா காரணம்? திரைக்கதையில் ஒரு பக்கத்தைத் திருத்தி எழுத லட்சக்கணக்கில் செலவாகாது. சோம்பலை வறுமை என்று மன்னித்துவிட்டால், அதே வறுமையில் உயிரைக் கொடுத்து உழைத்தவர்களுக்கு நாம் என்ன மரியாதை செய்கிறோம்?

உடையை மட்டும் பார்த்துத் தீர்ப்பெழுதுவதும் வேண்டாம். 1953இல் வந்த ‘ரோபோட் மான்ஸ்டர்’ படத்தின் ஜந்து, கொரில்லா உடைக்கு மேல் தலைக்கவசம் மாட்டிய ஓர் ஆள். மோசமான படம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு இசையமைத்தவர் பின்னாளில் ஆஸ்கர் வென்ற எல்மர் பெர்ன்ஸ்டீன். கொரில்லாவைப் பார்த்துச் சிரித்தவர்களில் பலருக்கு அந்த இசை காதில் விழவே இல்லை.

பட்டப்பகலில், கைபேசியின் சின்னத் திரையில் பார்த்துவிட்டு “பயமே வரவில்லை” என்று எழுதாதீர்கள். விளக்கை அணைத்துவிட்டு, நல்ல ஹெட்போனோடு ‘கேட் பீப்பிள்’ படத்தின் அந்தக் குளக் காட்சியை மறுபடி பாருங்கள். பிறகு ஒலியை நிறுத்திவிட்டு ஒருமுறை பாருங்கள். சுவரில் அசையும் வெளிச்சமும் நிழலும் மட்டுமே மிஞ்சும். அந்தப் பெண்ணின் அலறல் நான்கு சுவர்களிலும் மோதித் திரும்பியபோது நீங்கள் பார்த்ததாக நினைத்த சிறுத்தை அங்கே இருக்காது.