மழை கொட்டும்போதும் ஸ்பிரிங்க்ளர் ஓடலாமா? தோட்டத்தில் தண்ணீர் வீணாகும் வழிகள்

பிப்ரவரியில் புல் வாடுகிறதே என்று, தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளருக்கு டைமரை வைப்போம். நவம்பர், டிசம்பரில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டும். அப்போதும் அதே டைமர், அதே இருபது நிமிடம். தரைவீட்டுத் தோட்டங்களில் தண்ணீர் வீணாக முதல் காரணம் இதுதான் என்பேன். சிங்கப்பூரில் பிப்ரவரியின் சராசரி மழை 100 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். டிசம்பரில் 300க்கும் மேல். இரண்டுக்கும் ஒரே கணக்கு எப்படிப் பொருந்தும்? மழை பெய்தால் நிறுத்திவிடும் சென்சார் ஒன்றை மாட்டுங்கள். இல்லையென்றால் டைமரை அணைத்துவிட்டு, தேவைப்படும்போது கையால் திறங்கள்.

தேவையா இல்லையா என்பதைப் புல்லின் மேற்பரப்பைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டாம். மதிய வெயிலில் மேல்மண் காய்ந்துதான் இருக்கும். நீளமான ஸ்குரூடிரைவர் ஒன்றை மண்ணில் குத்திப் பாருங்கள். விரல் நீளத்துக்குச் சுலபமாக இறங்கினால் ஈரம் போதும், அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். பாதியிலேயே முட்டிக்கொண்டு நின்றால் ஊற்றலாம்.

எவ்வளவு ஊற்றுகிறோம் என்பதும் பலருக்குத் தெரியாது. காலி சார்டின் டின்கள் நாலைந்தைப் புல்வெளியில் அங்கங்கே வைத்து, பதினைந்து நிமிடம் ஸ்பிரிங்க்ளரை ஓடவிட்டு அளந்து பாருங்கள். ஒரு டின்னில் 3 மில்லிமீட்டரும் இன்னொன்றில் 12 மில்லிமீட்டரும் நின்றால் கோளாறு ஸ்பிரிங்க்ளர் தலையில். அதைச் சரிசெய்யாமல், காய்ந்த மூலைக்காக நேரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் மற்ற இடமெல்லாம் சேறாகும். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் 1 லிட்டர். 40 சதுர மீட்டர் புல்வெளிக்கு 25 மில்லிமீட்டர் விட்டால் ஒரு கன மீட்டர் போய்விடும். ஏப்ரல் 2025 முதல் வீட்டுக்கான அடிப்படைக் கட்டணப்படி 3 வெள்ளி 24 காசு. பெரிய தொகையில்லைதான், ஆனால் தினமும் ஊற்றுகிறவர் மாதக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

தினம் கொஞ்சம் தெளிப்பது இன்னொரு தவறு. ஈரம் மேலேயே கிடைப்பதால் வேரும் மேலேயே தங்கிவிடும். இரண்டு நாள் மழை இல்லையென்றால் உடனே துவளும். அதற்காக ஒரேயடியாக ஊற்றவும் முடியாது. பல வீடுகளில் இருப்பது இறுகிய களிமண். சில நிமிடங்களில் தண்ணீர் வழிந்து கால்வாய்க்குப் போய்விடும். எட்டு நிமிடம் விட்டு, அரை மணி நேரம் ஊறவிட்டு, மறுபடி எட்டு நிமிடம் விடுங்கள். சிங்கப்பூரின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. அதனால் வழிந்தது பெரும்பாலும் நீர்த்தேக்கத்துக்குத்தான் போகும் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் சுத்திகரித்த தண்ணீர், நாம் போட்ட உரத்தையும் அள்ளிக்கொண்டு மறுபடி சுத்திகரிக்கப் போகிறது. இதில் என்ன லாபம்?

புல்லை ஒட்ட வெட்டாதீர்கள். நிழல் இல்லாத மண் சீக்கிரம் காயும். இங்கே பரவலாக இருக்கும் கவ் கிராஸ் கொஞ்சம் வாடினாலும் பதற வேண்டாம். 2014 தொடக்கத்தில் வாரக்கணக்கில் மழையில்லாமல் தீவெங்கும் பழுத்துப்போன புல், மழை வந்ததும் மறுபடி துளிர்த்தது.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் கறிவேப்பிலையும் துளசியும் வளர்ப்பவர்களுக்கு டைமர் தொல்லை இல்லை, தட்டுத் தொல்லை உண்டு. தொட்டியின் அடித்தட்டு நிரம்பும்வரை ஊற்றினால் வேர் அழுகும், ஏடிஸ் கொசுவும் முட்டையிடும். அரிசி கழுவிய தண்ணீரை மண்ணில் மெதுவாக ஊற்றுங்கள், அடியில் ஒரு சொட்டு தெரிந்ததும் நிறுத்துங்கள். அப்படியும் தட்டில் தேங்கினால் அன்றே கொட்டிவிடுங்கள். மழைநீரை வாளியில் பிடித்து வைப்பவர்கள் இறுக்கமான மூடி போட்டு, ஓரிரு நாளில் செடிகளுக்கு ஊற்றித் தீர்த்துவிட வேண்டும்.