பழைய தோல் அட்டைப் புத்தகத்துக்கு எண்ணெய் தடவாதீர்கள்

வனத்து அந்தோனியார், வனத்துச் சின்னப்பர் போன்ற எகிப்துப் பாலைவனத் துறவிகளின் வரலாறுகளைத் தொகுத்து ஹெரிபர்ட் ரோஸ்வைடே என்ற இயேசு சபைக் குரு 1615-இல் ஆண்ட்வெர்ப்பில் வெளியிட்ட பெரிய லத்தீன் நூலோ, அந்த வழியில் வந்த 19-ஆம் நூற்றாண்டுப் புத்தகம் ஏதாவதோ உங்கள் கைக்கு வந்தால், தோல் காய்ந்து கிடக்கிறதே என்று எண்ணெயோ ஷூ பாலிஷோ மட்டும் தடவிவிடாதீர்கள். எண்ணெய் உள்ளே இறங்கித் தாளில் கறையாகும், தோல் கறுத்துப் பிசுபிசுக்கும், தூசி ஒட்டும்.

தொட்டதும் செந்தூள் கையில் ஒட்டுகிறதா? தோலே சிதைகிறது என்று அர்த்தம். தாவரச் சாற்றில் பதனிட்ட தோல், குறிப்பாக 19-ஆம் நூற்றாண்டுத் தோல், காற்றிலுள்ள கந்தக டை ஆக்சைடை உறிஞ்சி இப்படி ஆகிவிடும். போன தோல் திரும்பாது. உதிர்வதை நிறுத்த, பழைய நூல்களைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் அதற்கென்று உள்ள மெல்லிய பூச்சு ஒன்றைத் தடவுவார்கள், வீட்டில் நாம் அமிலமில்லாத தாளில் சுற்றி அமிலமில்லாத அட்டைப்பெட்டியில் வைத்தாலே பெரிய விஷயம்.

அப்புறம், அலமாரியிலிருந்து எடுக்கும்போது முதுகின் மேல்நுனியில் விரலைப் போட்டு இழுக்காதீர்கள், அங்கேதான் முதலில் கிழியும். இரண்டு பக்கத்துப் புத்தகங்களையும் சற்று உள்ளே தள்ளிவிட்டு, நடுவில் பிடித்து எடுங்கள். கையுறை வேண்டாம், கழுவி நன்றாகத் துடைத்த வெறும் கை போதும்; கையுறை போட்டால் தாளின் ஓரம் விரலுக்குத் தெரியாமல் கிழிந்துவிடும். அட்டை கழன்றிருந்தால் செல்லோடேப் ஒட்டாமல் பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டி வையுங்கள்.