தாலுகா ஆபீஸில் தொலைந்த ஃபெலோஷிப்: உயிரியல் ஆராய்ச்சிக்கு வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சித்திரைக் கடைசியில் ஒரு தம்பி தன் சாதிச் சான்றிதழைப் படம் பிடித்து வாட்ஸாப்பில் அனுப்பி, "அக்கா, ஃபெலோஷிப்புக்கு இது போதும்ல?" என்று கேட்டிருந்தான். தர்மபுரி மாவட்டத்துக் காரிமங்கலம் பக்கத்துப் பையன், விலங்கியலில் எம்.எஸ்சி. முடிக்கப் போகிறான். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 2012இல் நான் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாகப் போட்டு எடுத்துக்கொண்டு ரயிலேறிய அதே மாதிரிச் சான்றிதழ், ஆள் பெயர் மட்டும் வேறு. அன்று ராத்திரியே இதை எழுத ஆரம்பித்துவிட்டேன்.

கடைசி நாள் வரை காத்திருக்காதே, போட்டோ தெளிவாக இருக்கட்டும், மைனஸ் மார்க் இருக்கிறது பார்த்து எழுது என்பதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது, போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நெட் ஒன்றுதான் வாசல் என்று உட்கார்ந்திருப்பது

சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை வருகிறது. அதில் ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் முதுநிலையான எஸ்ஆர்எஃப் ஆனதும் 42,000, போக வீட்டு வாடகைப்படி. 2023 ஜனவரியிலிருந்து இதுதான் தொகை. நல்ல காசுதான். ஆனால் அதை மட்டுமே நம்பி ஐந்தாவது, ஆறாவது முறை எழுதிக்கொண்டு, நடுவில் டியூஷன் எடுத்துக்கொண்டு, வேறு எந்தக் கதவையும் தட்டாமல் வயது வரம்பைத் தொட்டுவிட்ட ஆட்களை எனக்குத் தெரியும். உயிர்தொழில்நுட்பத் துறையின் ஃபெலோஷிப் இருக்கிறது, மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐசிஎம்ஆரின் ஃபெலோஷிப் இருக்கிறது, பல்கலைக்கழகத்தில் முதலிடம் வந்தவர்களுக்கு இன்ஸ்பயர் ஃபெலோஷிப் இருக்கிறது, தமிழ்நாடு அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை இருக்கிறது. ஓசூரிலிருந்து பெங்களூரு 40 கிலோமீட்டர், கிருஷ்ணகிரியிலிருந்து 90. நம் ஊரிலிருந்து தினமும் எத்தனை பேர் கம்பெனி பஸ் ஏறிப் போய் வருகிறார்கள்! அங்கே ஜிகேவிகே வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் என்சிபிஎஸ் என்ற உயிரியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ஒரு நாள் போய் ஒரு செமினாராவது கேட்டுவிட்டு வந்தேன் என்று சொல்லும் பிள்ளையை இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

மாநிலச் சான்றிதழை மத்திய அரசிடம் நீட்டுவது

இதில்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் ஆறவில்லை, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நம் வீடுகளில் பீரோவுக்குள் இருக்கும் நிரந்தரச் சாதிச் சான்றிதழில் பிசி அல்லது எம்பிசி என்று இருக்கும். பள்ளிக்கூடம், கல்லூரி, கவுன்சிலிங், டிஎன்பிஎஸ்சி எல்லாவற்றுக்கும் அதைக் காட்டியே பழகிவிட்டோம். மத்திய அரசிடம் பிசி, எம்பிசி என்ற பிரிவெல்லாம் கிடையாது. அங்கே ஓபிசி, அதாவது இதர பிற்படுத்தப்பட்டோர், அதிலும் க்ரீமி லேயர் என்கிற வசதி படைத்த மேல்தட்டில் வராதவர்கள் மட்டும். அதற்கென்று தனிச் சான்றிதழ், தனிப் படிவம். நெட், மத்திய ஆராய்ச்சி நிறுவனங்களின் பிஎச்.டி. சேர்க்கை என்று 27 சதவீத ஒதுக்கீடு இருக்கிற இடத்திலெல்லாம் கேட்பது அதைத்தான். கட்-ஆஃப், வயதுத் தளர்வு, எம்.எஸ்சி. மதிப்பெண் தளர்வு எல்லாம் அந்த ஒரு தாளில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

2012இல் ஒரு மத்திய நிறுவனத்தில் பிஎச்.டி. இடத்துக்கு எழுத்துத் தேர்வு, நேர்முகம் இரண்டிலும் ஓபிசி பட்டியலில் என் பெயர் வந்தது. எங்கள் வீட்டில் பெங்களூரைத் தாண்டிப் போன முதல் ஆள் நான்தான். விண்ணப்பிக்கும்போதே அறிவிப்பின் பின்பக்கங்களில் அந்தப் படிவத்தைப் பார்த்திருந்தேன், பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நம்மிடம்தான் சான்றிதழ் இருக்கிறதே, இது வேறு மாநிலத்துக்காரர்களுக்காக இருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். ஒரு ஓரத்தில் சந்தேகம் இருந்தது, எதற்கும் தாலுகா ஆபீஸ் போய்க் கேட்கலாம் என்று அப்பாவிடம் சொன்னேன். அந்த வாரம் பார்த்துப் பட்டுப்புழு நாலாவது தோலுரிப்பு முடிந்து ஐந்தாம் பருவத்தில் இருந்தது. புழு தன் ஆயுசில் தின்னும் இலையில் முக்கால்வாசிக்கு மேல் அந்த ஏழெட்டு நாளில்தான் தின்னும். ராத்திரி பகல் பார்க்காமல் மல்பெரி வெட்டிப் போட வேண்டும், ஒரு வேளை தவறினாலும் கூடு இளைத்துவிடும். "புழு கூடு கட்டட்டும் பாப்பா, அப்புறம் போகலாம்" என்றார் அப்பா. கூடு கட்டியது, அங்காடிக்கும் போனது, நாங்கள்தான் தாலுகா ஆபீஸ் போகவில்லை.

சரிபார்ப்பு நாளன்று மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மா என் சான்றிதழை வாங்கிப் படித்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார், அங்கே ஏதாவது எழுதியிருக்குமோ என்று. பின்பக்கம் வெறுமையாக இருந்தது. "சென்ட்ரல் ஃபார்மட் எங்கே?" என்றார். ஒரு வாரத்தில் கொண்டுவருகிறேன் என்றேன். விண்ணப்பம் முடிந்த தேதிக்கு முன்னால் வாங்கியதாக இருந்தால் கொண்டுவாருங்கள் என்றார். குரலை உயர்த்தக்கூட இல்லை, பொதுப் பட்டியலுக்கு என் மதிப்பெண் போதவில்லை என்பதைத் தாளில் விரல் வைத்துக் காட்டினார், அவ்வளவுதான். இரண்டு ராத்திரி ரயிலில் திரும்பி வந்தேன். ஜேஆர்எஃப் 16,000 ரூபாயாக இருந்த அந்தக் காலத்தில் மாதம் 8,000க்குப் புராஜெக்ட் அசிஸ்டென்ட்டாக ஒன்றரை வருடம் ஓட்டி, அதற்குப் பிறகுதான் வேறு இடத்தில் பிஎச்.டி. சேர்ந்தேன். யாராவது அநியாயம் செய்திருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். அந்த அம்மா விதிப்படிதான் நடந்தார்.

சரி, என்ன செய்ய வேண்டும்? இ-சேவை மையத்தில் ஓபிசி சான்றிதழ் என்று தனியாகக் கேட்டு விண்ணப்பியுங்கள். "சாதிச் சான்றிதழ்" என்று மட்டும் சொன்னால் பழையதையே மறுபடி எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். விஏஓ, ஆர்ஐ, அப்புறம் தாசில்தார் என்று போய் வரும். வந்ததும் அங்கேயே நின்று படியுங்கள். இந்திய அரசால் பிற்படுத்தப்பட்ட வகுப்பாக அங்கீகரிக்கப்பட்டது என்ற வாசகம், 8.9.1993 தேதியிட்ட ஆணையின்படி க்ரீமி லேயரில் வரவில்லை என்ற வாசகம், தேதி, கையெழுத்து நான்கும் இருக்க வேண்டும். உங்கள் சாதிப் பெயர் மத்தியப் பட்டியலில் எந்த எழுத்தில் இருக்கிறதோ அந்த எழுத்தில் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். மாநிலப் பட்டியலில் இருக்கிற எல்லாப் பெயரும் மத்தியப் பட்டியலில் இருக்கும் என்று கிடையாது.

இது நிரந்தரச் சான்றிதழும் கிடையாது. ஒரு வருடம்தான் செல்லும், அதனால் ஏப்ரல் பிறந்ததும் வருடா வருடம் புதுசு வாங்கி வைப்பதுதான் நல்லது. மே, ஜூனில் போனால் ஜமாபந்தி என்ற வருடாந்தர வருவாய்க் கணக்குத் தணிக்கை நடக்கும், யாரையும் பிடிக்க முடியாது.

இன்னொரு கூத்து. போச்சம்பள்ளிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, "எங்க மாந்தோப்பு நல்லா காய்ச்ச வருஷம் 9 லட்சம் வந்துச்சுக்கா, 8 லட்சத்துக்கு மேல போனா க்ரீமி லேயராமே" என்று விண்ணப்பிக்காமலே விட்டுவிட்டாள். அந்த 8 லட்சம் தொடர்ந்து மூன்று வருட வருமானத்துக்கான கணக்கு, அதில் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. பெற்றோரின் அரசுப் பதவிக்கும் நிலத்தின் அளவுக்கும் தனித்தனி விதி. காபி, டீ, ரப்பர் தோட்டத்தை வருமானக் கணக்கில் வைத்த அந்த 1993 அட்டவணை, மாந்தோப்பைப் பெயர் சொல்லியே விவசாய நிலமாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. கிருஷ்ணகிரியில் பிறந்த பிள்ளைக்கு இதைவிடச் சாதகமாக எவன் எழுதித் தருவான்? அந்தப் பெண் தாசில்தாரிடம் போகவில்லை, பக்கத்து வீட்டு அண்ணனிடம் கேட்டாள்.

சித்தேரி மலையிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று: எஸ்டி சான்றிதழ் தருவது கோட்டாட்சியர், தாசில்தார் இல்லை, நாள் கூடுதலாகப் பிடிக்கும். கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆட்களுக்கு: 2004 பிப்ரவரியில் மாவட்டம் பிரிவதற்கு முன் வாங்கிய தாள்களில் தர்மபுரி மாவட்டம் என்றிருக்கும், ஆதாரில் கிருஷ்ணகிரி என்றிருக்கும். வெளிமாநிலத்து ஆபீசருக்கு இந்தப் பிரிவினைக் கதை தெரியாது. புதுச் சான்றிதழாக வாங்கிவிடுங்கள், நின்று விளக்கம் சொல்லும் வேலை மிச்சம்.

இனிஷியல்

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ, அப்படியே எல்லாவற்றிலும்.

காசு கட்டி இன்டர்ன்ஷிப்

பதினைந்து நாள் "பயிற்சி", ஐயாயிரமோ எட்டாயிரமோ கட்டணம், முப்பது பேரை நிற்க வைத்து ஒரே ஒரு பிசிஆர் கருவியைக் காட்டுவார்கள், கடைசியில் தங்க ஓரம் போட்ட சான்றிதழ். தேர்வுக் குழுவில் உட்காருகிற யாரும் அதைப் படிப்பதே இல்லை. மூன்று அறிவியல் அகாதமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சித் திட்டத்துக்கு ஆண்டுக் கடைசியில் விண்ணப்பம் வரும். கிடைத்தால் இரண்டு மாதம் நல்ல ஆய்வகத்தில் வேலை, உதவித்தொகையும் தருவார்கள். நம்மிடம் காசு வாங்குகிறவனையும் நமக்குக் காசு தருகிறவனையும் பிரித்துப் பார்க்க எம்.எஸ்சி. தேவையில்லை.

சீனியர் கொடுத்த பழைய பிடிஎஃப்

அதில் ஜேஆர்எஃப் 31,000 என்று இருந்தால் மூடி வையுங்கள். ஆராய்ச்சிக்குப் பணம் தந்த மத்திய வாரியமான எஸ்இஆர்பி என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள். 2023ஆம் வருடச் சட்டப்படி வந்த ஏஎன்ஆர்எஃப் என்ற தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குள் அது கலந்துவிட்டது. முனைவர் பட்டம் முடிக்கிற அக்கா, அண்ணன்களும் இப்படித்தான் விதியைப் பார்க்காமல் ஏமாறுகிறார்கள்: பட்டச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான் போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்கு அடுத்த ஆராய்ச்சிப் பணி) தேடுவேன் என்று காத்திருப்பது. தேசிய போஸ்ட்டாக் ஃபெலோஷிப்பில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டுக் காத்திருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம் என்றே விதி இருந்தது. வாய்மொழித் தேர்வு எப்போது என்று காத்துக்கிடந்தே ஒரு சுற்றை விட்டவர்கள் எத்தனையோ பேர்.

இலைச்சாறும் வெள்ளி நானோ துகளும்

என்னிடம் படித்துப் பார்க்கச் சொல்லி வரும் ஆய்வுத் திட்டங்களில் பாதிக்கு மேல் இதுதான். ஏதாவது ஒரு இலை, வெள்ளி நைட்ரேட், நிறம் பழுப்பாக மாறியது, பாக்டீரியா செத்தது. கருவேப்பிலை முடிந்து இப்போது தும்பையில் வந்து நிற்கிறது. செய்தவர்களைக் குறை சொல்லவில்லை, நானும் எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்கு அதைத்தான் செய்தேன். ஆனால் பணம் கொடுக்கிறவனிடம் அதை நீட்டினால், இதே மாதிரி நூறு பார்த்தவன் எதற்குப் படிப்பான்?

கண் முன்னால் கிடப்பதை விட்டுவிடுகிறோம். ஃபுளோரைடு தண்ணீர் குடித்துப் பல்லில் காவி ஏறியவர்கள் இல்லாத தெரு எங்கள் பக்கத்தில் இல்லை; ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காகப் போட்டதுதான். பையூர் ஆராய்ச்சி நிலையத்தில் சாமையும் கொள்ளும் இருக்கிறது. ஓசூரில் மத்தியப் பட்டு வாரியத்தின் மரபுவள மையமே இருக்கிறது. ஆலம்பாடி மாடு இருக்கிறது. நான் பிஎச்.டி.க்கு எடுத்தது பட்டுப்புழுக் குடலில் வாழும் பாக்டீரியாக்களை. நேர்முகத்தில், "இதில் விவசாயிக்கு என்ன நஷ்டம் வருகிறது?" என்று கேட்டார்கள். அப்பா ஒரு மழைக்காலத்தில் சாக்கு சாக்காகச் செத்த புழுவைக் குழி தோண்டிப் போட்டு மேலே சுண்ணாம்பு தூவியதைச் சொன்னேன். அதற்கு அப்புறம் கேள்வியெல்லாம் புழுவைப் பற்றித்தான், என் மதிப்பெண்ணைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

முப்பது இ-சர்டிபிகேட் சேர்த்து வைப்பது

வேண்டாம்.

ஒன்றாம் தேதி பணம் வரும் என்று நம்புவது

ஃபெலோஷிப் சம்பளம் மாதிரி வராது. சேர்ந்த அறிக்கை, வழிகாட்டியின் கையெழுத்து, துறைத் தலைவர், நிதிப் பிரிவு, அப்புறம் டெல்லி என்று சுற்றி வருவதற்குள் முதல் தவணைக்கு மாதக்கணக்கில் ஆகலாம். என்னோடு சேர்ந்த நண்பன் கடிதம் வந்த வாரமே இஎம்ஐயில் பைக் எடுத்தான். நாலாவது மாதம் பைக்கை அவன் அண்ணன் ஓட்டிக்கொண்டிருந்தார், இவன் விடுதியிலிருந்து ஆய்வகத்துக்கு நடந்து வந்தான். ஆறு மாதச் செலவுக்கு வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

காரிமங்கலத்துத் தம்பிக்கு அன்று ராத்திரியே சொல்லிவிட்டேன், நாளைக்குக் காலையில் முதல் வேலையாக இ-சேவை மையத்தில் நில் என்று. "நாளைக்கு மாமா வீட்டுக் கிரகப்பிரவேசம்க்கா" என்றான். நான் கத்திய கத்தலில் கிரகப்பிரவேசத்துக்குப் போகாமல் விண்ணப்பித்துவிட்டான். நேற்று மத்தியானம் விஏஓ ஆபீஸ் வாசலிலிருந்து ஒரு போட்டோ அனுப்பியிருந்தான்: பூட்டிய கதவு, ஜமாபந்திக்குப் போயிருக்கிறார் என்று சாக்பீஸில் எழுதியிருந்தது. கீழே அவன் செய்தி: "திங்கள்கிழமை மறுபடி வரேன்க்கா."